ஆர்கானிக் லேபுக்குள் புதிதாகக் காலெடுத்து வைப்பவருக்கு: சேர்க்கையிலிருந்து முதல் என்எம்ஆர் வரை

எம்.எஸ்சி. முதலாண்டு மாணவி ஒருவர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேடம், சால்கோன் வந்துடுச்சு" என்பார். அவர் தயாரிக்க வேண்டிய கரிமச் சேர்மம் அது. உள்ளே வெளிர்மஞ்சள் படிகம். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். "சால்கோன்தான்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டால், "மஞ்சளா இருக்கே மேடம்" என்று பதில் வரும். கரிம வேதியியலில் ஆய்வு செய்கிற ஒருவர் முப்பது நாற்பது வருடம் ஓயாமல் பதில் தேடுவது இந்தக் கேள்விக்குத்தான். நான் கையில் வைத்திருப்பது நான் நினைக்கிற பொருள்தானா? தயாரிப்பது பாதி வேலை. அதுதான் என்று நிரூபிப்பது மீதி.

வேதியியல் முடித்துவிட்டு ஆர்கானிக் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்களையும், இந்த ஆண்டு ஆய்வில் சேர்ந்து ரோட்டா (கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் கருவி) பக்கம் போகவே தயங்கி நிற்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். புதியவர்கள் எங்கே அதிகம் தடுமாறுகிறார்களோ அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

உள்ளே போகும் வழி

பி.எஸ்சி. முடித்தவர் ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு எழுத வேண்டும். எம்.எஸ்சி. முடித்தவருக்குப் பெரிய வாசல் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு. வேதியியல் தாள் 3 மணி நேரம், 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். அதில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதலான விகிதப்படி மாதம் 37,000 ரூபாய், 2 ஆண்டுகளுக்குப் பின் எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. கேட் தேர்வையும் சேர்த்தே எழுதி வையுங்கள். பல இடங்களில் அதன் மதிப்பெண்ணை வைத்தும் நேர்காணலுக்கு அழைப்பார்கள்.

பாடம் படிக்கும் விதத்தில் ஒன்று சொல்கிறேன். நெட் தாளில் ஸ்பெக்ட்ராஸ்கோபிக் கணக்குகள் தவறாமல் வரும். மூலக்கூறு வாய்பாடு, நாலைந்து பீக் (ஸ்பெக்ட்ரத்தில் எழும் முனை) மதிப்புகள், அமைப்பைக் கண்டுபிடி என்பார்கள். அந்தக் கணக்குகளை விடையைப் பார்க்காமல் தினம் 2 போட்டு வந்தால், தேர்வுக்கு மட்டுமல்ல, லேபில் முதல் வருடத்துக்கும் சேர்த்தே தயாராகிவிடுவீர்கள்.

உதவித்தொகை இல்லாமல் சேரலாமா என்று கேட்பவர்கள் நிறைய. வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்து யாரும் இல்லையென்றால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் இன்னொரு முறை தேர்வு எழுதுவதே நல்லது. பிஎச்.டி. 5 ஆண்டு தாண்டுவது வழக்கம். பணக்கவலை மூன்றாம் ஆண்டில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

கைடைத் தேடும்போது

பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போங்கள். அதைவிட முக்கியம், அந்த லேபில் இப்போது இருக்கும் மாணவர்களோடு கேன்டீனில் ஒரு டீ குடிப்பது. மூன்று விஷயம் கேளுங்கள். போன ஐந்து வருடத்தில் எத்தனை பேர் முடித்துப் போனார்கள்? கரைப்பானும் சிலிக்காவும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா? என்எம்ஆர் எடுக்கக் கொடுத்தால் எத்தனை நாளில் கையில் வரும்?

மூன்றாவது கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். என்எம்ஆர் என்பது மாதிரியைக் காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அளவீடு. வளாகத்திலேயே 400 மெகாஹெர்ட்ஸ் கருவி இருக்கிற இடத்தில், காலையில் வைத்த வினையின் முடிவு மாலைக்குள் தெரியும். கருவி இல்லாத கல்லூரியில் சேர்ந்தால் மாதிரியைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்ப வேண்டும். சென்னை ஐஐடியின் சைஃப் மையம் போன்றவை கட்டணம் வாங்கிக்கொண்டு வெளி மாணவர்களுக்கும் எடுத்துத் தருகின்றன. அப்படி அனுப்பிப் படித்து நல்ல ஆய்வாளரானவர்கள் ஏராளம். ஆனால் காத்திருப்பு இருக்கும் என்று தெரிந்தே சேருங்கள். காத்திருக்கும் வாரங்களில் அடுத்த வினையை எப்படித் திட்டமிடுவது என்பதையும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம்

முதல் மாதத்தில் உங்களிடம் யாரும் புது மூலக்கூறு எதிர்பார்க்கவில்லை. கண்ணாடிப் பாத்திரம் கழுவுங்கள். எந்தக் கழிவு எந்தக் கேனுக்குப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபியூம் ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் அறை), தீயணைப்பான், கண் கழுவும் குழாய், அவசர ஷவர் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். தொங்கும் துப்பட்டா, நைலான் சட்டை, செருப்பு, மூன்றும் லேபுக்கு வெளியே. இரவில் தனியாக வினை வைக்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு காரன் வெட்டர்ஹான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியர். 1996 ஆகஸ்ட் 14 அன்று, பாதரச என்எம்ஆர் அளவீட்டுக்கு ஒப்பீட்டுப் பொருளாக டைமெத்தில் மெர்க்குரியை ஹூட்டுக்குள் வைத்துத்தான் கையாண்டார். கையில் லேடக்ஸ் கையுறை. அதன்மேல் சில துளிகள் சிந்தின. அந்தத் திரவம் லேடக்ஸை நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது அப்போது பரவலாகத் தெரியாது. மாதங்கள் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூன் 8 அன்று, 48 வயதில் இறந்துபோனார். அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை. விதிகளை மதித்து வேலை செய்தவர். ஆகவே கையுறை போட்டாயிற்று என்று நிறுத்திக்கொள்ளாமல், எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலைத் திறப்பதற்கு முன் பாதுகாப்புத் தாளைப் படிக்க 10 நிமிடம் போதும்.

நோட்டுப்புத்தகம் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிப் பிறகு நகலெடுப்பது வேண்டாம். எடை போட்ட கையோடு எடையை எழுதுங்கள். நிறம் மாறிய நேரம், புகை வந்தது, கலவை கெட்டியானது, எல்லாவற்றையும் எழுதுங்கள். தோற்றுப்போன வினையை இன்னும் விரிவாக எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம்தான் வழி காட்டும்.

ஸ்பாட் ஒன்றாகட்டும்

அசுத்தமான மாதிரிக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் உதவாது. எனவே முதலில் டிஎல்சி, அதாவது சிலிக்கா பூசிய தட்டில் கலவையைப் பிரித்துப் பார்க்கும் சோதனை. தொடக்கப் பொருள், வினைக்கலவை, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த புள்ளி என்று ஒரே தட்டில் மூன்று புள்ளி வையுங்கள். நடுவில் வைக்கும் அந்தக் கலப்புப் புள்ளியைப் பலர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஸ்பாட்டுகள் ஒரே உயரத்தில் ஓடும்போது வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். 254 நானோமீட்டர் விளக்கில் பார்த்த பிறகு, அயோடின் ஜாடியிலும் ஒரு முறை வையுங்கள். யுவியில் தெரியாத பொருள் எதுவுமே இல்லை என்று நம்பிவிடாதீர்கள்.

காலம் (column, சிலிக்கா நிரப்பிய குழாயில் பொருளைப் பிரித்தெடுப்பது) போடும்போது உங்கள் பொருளின் ஆர்எஃப் (தட்டில் கரைப்பான் ஏறிய உயரத்தில் பொருள் ஏறிய பங்கு) 0.2 முதல் 0.3 வரை இருக்கும்படி ஹெக்சேன்–எத்தில் அசிடேட் விகிதத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். சிலிக்கா ஒருமுறை காய்ந்து வெடித்தால் அந்தக் காலம் போனதுதான். கரைப்பான் மட்டத்தின்மேல் ஒரு கண் எப்போதும் இருக்கட்டும். இது புத்தகம் படித்து வராது. பத்துக் காலம் போட்டால் கை தானாகவே பழகும்.

குழாயில் ஊற்றும் முன்

ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்எம்ஆருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் போதும். கார்பனுக்கு 20, 30 மில்லிகிராம் இருந்தால் நேரம் மிச்சம். 0.6 மில்லி டியூட்டீரியம் ஏற்றிய குளோரோஃபார்மில் கரைத்து, தூசியோ சிலிக்காத் துகளோ இல்லாமல் சிறு பஞ்சு வழியாக வடித்து 5 மில்லிமீட்டர் குழாயில் ஊற்றுங்கள். திரவ உயரம் 4, 5 சென்டிமீட்டர் இருக்கட்டும். குறைந்தால் காந்தப்புலத்தைச் சீராக்க முடியாமல் பீக்குகள் அகன்று வரும்.

பழைய குளோரோஃபார்ம் பாட்டிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அமிலம் தாங்காத சேர்மம் அதில் கரைந்ததுமே உடையத் தொடங்கும். அப்போது நீங்கள் பார்க்கும் ஸ்பெக்ட்ரம் உங்கள் பொருளுடையது அல்ல, அதன் சிதைவினுடையது. பாட்டிலில் கொஞ்சம் உலர்ந்த பொட்டாசியம் கார்பனேட் போட்டு வைக்கும் பழக்கம் இதற்காகத்தான்.

பீக்குகளை வாசிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். அந்த மாணவி கொண்டுவந்த சால்கோனையே எடுத்துக்கொள்வோம். அசிட்டோஃபீனோன் 1.20 கிராம், பென்சால்டிஹைடு 1.06 கிராம், எத்தனால், சோடியம் ஹைட்ராக்சைடு. முதல் இரண்டும் 10 மில்லிமோல். முழுக்க வினை நடந்தால் 2.08 கிராம் கிடைக்கும்.

ஸ்பெக்ட்ரத்தைப் பார்ப்பதற்கு முன்பே தாளில் ஒரு கணக்குப் போடுங்கள். வாய்பாடு C₁₅H₁₂O. செறிவுறாமை எண் (வளையங்கள், இரட்டைப் பிணைப்புகளின் மொத்த எண்ணிக்கை) 10. இரண்டு பென்சீன் வளையத்துக்கு 8, கார்போனைலுக்கு 1, இரட்டைப் பிணைப்புக்கு 1. கணக்கு பொருந்துகிறது. அடுத்து, என்ன வர வேண்டும், என்ன வரக் கூடாது என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். இரண்டாவது பட்டியலை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் அதன் மதிப்பு அதிகம். பென்சால்டிஹைடு மிச்சமிருந்தால் 10.0 பிபிஎம் (என்எம்ஆர் அச்சின் அலகு) அருகே ஆல்டிஹைடு புரோட்டான் தெரியும். அசிட்டோஃபீனோன் மிச்சமிருந்தால் 2.6இல் மெத்தில் தெரியும். சால்கோனில் இந்த இரண்டு இடமும் வெறிச்சென்று இருக்க வேண்டும்.

இனி, வந்திருப்பதைப் பார்ப்போம். எல்லாப் பீக்கும் 7.3 முதல் 8.1 வரை கூட்டமாக நிற்கும். புதியவர்களுக்கு இதைப் பார்த்ததும் தலை சுற்றும். முதலில் இன்டெக்ரேஷனை, அதாவது பீக்குகளின் பரப்பை, கூட்டிப் பாருங்கள். மொத்தம் 12 புரோட்டான் வர வேண்டும். 8.02 அருகே 2 புரோட்டான், அவை கார்போனைலுக்கு அடுத்த வளையத்தின் ஆர்த்தோ புரோட்டான்கள். 7.81இல் ஒரு டப்லெட் (இரண்டாகப் பிளந்த பீக்), ஒரே புரோட்டான். அதன் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய 7.83, 7.79 பிபிஎம்மில் நிற்கின்றன. வித்தியாசம் 0.04. 400 மெகாஹெர்ட்ஸ் கருவி என்பதால் 400ஆல் பெருக்குங்கள், 16 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். தசமங்களைச் சரியாக எடுத்தால் 15.7. அதே 15.7 ஹெர்ட்ஸ் பிளவோடு 7.53 அருகே இன்னொரு டப்லெட் ஒளிந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பிளக்கின்றன, அதாவது அடுத்தடுத்த கார்பன்களில் உட்கார்ந்திருக்கின்றன. 15.7 என்ற எண் டிரான்ஸ் அமைப்பைச் சொல்கிறது, அதாவது அவை இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன. சிஸ் (ஒரே பக்கம்) என்றால் 12ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்திருக்கும்.

கார்பனில் 15 அணுவுக்கு 11 பீக்தான் வரும். பதற வேண்டாம். இரண்டு வளையத்திலும் ஆர்த்தோ கார்பன்கள் இரண்டும் ஒன்றுபோல, மெட்டா கார்பன்கள் இரண்டும் ஒன்றுபோல. அதனால் வளையத்துக்கு 4 பீக், இரட்டைப் பிணைப்புக்கு 2, கார்போனைலுக்கு 1. கார்போனைல் 190 அருகே நிற்கும். ஐஆரில் (அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரத்தில்) அசிட்டோஃபீனோனின் கார்போனைல் 1685 பக்கம் இருந்தது, இங்கே 1660 பக்கம் இறங்கியிருக்கும், இரட்டைப் பிணைப்போடு சேர்ந்துகொண்டதால். நிறை ஸ்பெக்ட்ரத்தில் புரோட்டான் ஏறிய அயனி 209.0961இல் வர வேண்டும். உருகுநிலை 55–57 டிகிரி. இத்தனையும் ஒரே திசையில் கை காட்டும்போதுதான், "மேடம், சால்கோன் வந்துடுச்சு" என்று சொல்ல உரிமை வருகிறது.

என் இரண்டாம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஆல்கஹால் தயாரித்து, காலம் போட்டு, என்எம்ஆர் எடுத்தேன். 2.05இல் கூர்மையாக ஒரு சிங்லெட் (பிளவுபடாத பீக்). எதிர்பார்க்காத அசிடைல் தொகுதி! எங்கிருந்தோ அசிடைல் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, இரவெல்லாம் உட்கார்ந்து இயங்குமுறை வரைந்தேன். அது எவ்வளவு அழகாக வந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் சீனியர் அக்கா ஒருவர் தாளை வாங்கிப் பார்த்து, "4.12இல குவார்டெட் இருக்கா? 1.26இல டிரிப்லெட் இருக்கா? மூணையும் இன்டெக்ரேட் பண்ணு" என்றார். 3, 2, 3 என்று வந்தது. எத்தில் அசிடேட். காலத்திலிருந்து வந்து ரோட்டாவில் முழுதாகப் போகாமல் நின்ற கரைப்பான். வேக்கம் பம்பில் 4 மணி நேரம் வைத்து மறுபடி எடுத்தபோது என் அசிடைல் தொகுதி காணாமல் போயிருந்தது. அக்கா திட்டவில்லை. "எதிர்பார்க்காத பீக் வந்தா முதல்ல நம்ம கையைச் சந்தேகப்படு, அப்புறம் மூலக்கூறைப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டவணை இருக்கிறது. 1997இல் ஜர்னல் ஆஃப் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் வந்த, லேப் கரைப்பான்கள் எங்கெங்கே பீக் காட்டும் என்ற பட்டியல். நீங்களும் அச்செடுத்து ஒட்டி வையுங்கள். குளோரோஃபார்மில் எடுத்தால் மிச்சக் கரைப்பான் 7.26, தண்ணீர் 1.56, அசிட்டோன் 2.17, டைகுளோரோமீத்தேன் 5.30, மூட்டில் தடவிய கிரீஸ் 0.9, 1.26 பக்கம். நிறை ஸ்பெக்ட்ரத்தில் திடீரென்று 391 தலைகாட்டினால் பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்த தாலேட்டாக இருக்கலாம். ஐஆரில் கேபிஆர் வில்லை ஈரம் இழுத்திருந்தால் 3400 பக்கம் அகன்ற பீக் வரும், அதை ஆல்கஹால் என்று எழுதிவிடாதீர்கள். வணிகத்தில் கிடைக்கும் சேர்மங்களின் ஸ்பெக்ட்ரங்களை ஒப்பிட, ஜப்பானின் எஸ்டிபிஎஸ் தளம் இலவசமாகக் கிடைக்கிறது.

மென்பொருளில் அமைப்பை வரைந்து பொத்தானை அழுத்தினால் பீக்குகளைக் கணித்துத் தரும். முதல் ஆண்டில் அதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. கணிப்பைப் பார்த்துவிட்டு ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தால், இருப்பதைப் பார்க்கமாட்டோம், தேடுவதைத்தான் பார்ப்போம்.

சால்கோனைத் தாண்டியபின்

மூலக்கூறு பெரிதாகும்போது ஒற்றைப் பரிமாண ஸ்பெக்ட்ரம் போதாது. இருபரிமாண என்எம்ஆர் முறைகள் வேண்டும். எந்தப் புரோட்டான் எதன் பக்கத்தில் என்று கோசி சொல்லும். எந்தப் புரோட்டான் எந்தக் கார்பன்மேல் என்று ஹெச்எஸ்க்யூசி சொல்லும். இரண்டு மூன்று பிணைப்பு தள்ளி இருப்பதை ஹெச்எம்பிசி இணைத்துக்காட்டும். முப்பரிமாண வெளியில் எவை நெருங்கி நிற்கின்றன என்பதற்கு நோயெசி. இந்த வரிசையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

இவை எவ்வளவு கடினமான இடத்துக்கும் கொண்டுபோகும் என்பதற்கு நம் வாசலில் நிற்கும் வேப்பமரமே சாட்சி. வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற சேர்மத்தை 1968இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். C₃₅H₄₄O₁₆, 16 சீர்மையற்ற கார்பன் மையங்கள். 1975இல் முன்வைத்த அமைப்பில் பிழை இருந்தது. சரியான அமைப்பு உறுதியானது 1980களின் நடுவில்தான். என்எம்ஆரும் எக்ஸ்-கதிர்ப் படிகவியலும் கைகோத்த பிறகு. அதை ஆய்வகத்தில் முழுதாகத் தொகுக்க 2007 ஆயிற்று, கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினர் 22 ஆண்டு உழைத்து முடித்தார்கள். உலகின் தேர்ந்த கைகளுக்கே அமைப்பைச் சரிசெய்ய பத்து ஆண்டு ஆனது என்றால், உங்கள் மூலக்கூறு மூன்று மாதமாகப் பிடிகொடுக்காததற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த வேம்பின் கதையில் சென்னைக்காரர் ஒருவரும் வருகிறார். டி.ஆர். கோவிந்தாச்சாரி, 1915இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். நஞ்சறுப்பான் கொடியிலிருந்து கிடைக்கும் டைலோஃபோரின் என்ற அல்கலாய்டின் அமைப்பை வெளிக்கொண்டுவந்தார். அவர் தொடங்கிய காலத்தில் அமைப்பைக் கண்டுபிடிக்க மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் அடையாளம் கண்டு, மனதில் மறுபடி ஒட்டவேண்டும். 1960இல் பட்நாகர் பரிசு பெற்றார். பின்னர் மும்பை கோரேகாவில் சிபா ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர். ஓய்வு வயதெல்லாம் தாண்டிய பிறகு சென்னையில் ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தில் வேப்பங்கொட்டையைக் கையிலெடுத்தார். அசாடிராக்டின் எச், அசாடிராக்டின் ஐ என்ற இரண்டு புதுச் சேர்மங்களை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்டபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. உடைத்துப் பார்த்துப் பழகிய கை, உயர் அழுத்த நிறப்பிரிகையையும் இருபரிமாண என்எம்ஆரையும் அந்த வயதில் கருவியாக்கிக்கொண்டது. இந்தத் துறையில் வாழ்நாள் முழுக்க எப்படி இருப்பது என்று மாணவர்கள் கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

முடித்த பிறகு எங்கே

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஆளுக்கு ஆள் மாறும். கற்பித்தலில் விருப்பமுள்ளவர் நெட் தகுதியோடு கல்லூரிக்குப் போகலாம். ஆய்விலேயே நிற்க விரும்புபவர் முனைவர் பட்டத்துக்குப் பின் ஓரிரண்டு ஆண்டு வெளியில் போஸ்ட்-டாக் செய்வது வழக்கம். மருந்து நிறுவனங்கள் என்றால் ஹைதராபாத்தும் பெங்களூருவும். அங்கே தொகுப்பு வேலைக்கு இணையாகப் பகுப்பாய்வுப் பிரிவிலும் ஆள் தேவைப்படுகிறது. மருந்தில் ஒளிந்திருக்கும் 0.1 விழுக்காடு மாசு என்ன என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு. ஸ்பெக்ட்ரம் வாசிக்கத் தெரிந்த ஆர்கானிக் ஆளுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

என்எம்ஆர் அறையிலிருந்து அச்சிட்ட தாளை மட்டும் வாங்கி வராதீர்கள். கருவி பதிவு செய்த மூலக் கோப்பை முழுக் கோப்புறையாகக் கேட்டு வாங்குங்கள். தாளில் பெரிதாக்கிப் பார்க்க முடியாத டப்லெட்டை, மூன்று வருடம் கழித்துக் கட்டுரையைப் பரிசீலிப்பவர் கேட்கும்போது மூலக் கோப்பில்தான் அளக்க முடியும். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயர்ச்சுருக்கம், நோட்டுப்புத்தக எண், பக்க எண் மூன்றும் இருக்கட்டும். அதே பெயரைக் குப்பியின்மேலும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும்.